ரிவர்ஸ் கமரா: கோளாறைப் பார்த்து வயரைப் பிடிப்பது

படம் வரவில்லை என்றதும் புதுக் கமரா வாங்க ஓடாதீர்கள். கமராவும் நல்லாயிருக்கும், செற்றும் (டாஷ்போட்டிலுள்ள பாட்டுத் திரை) நல்லாயிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆறு மீற்றர் வயர் எங்கேயோ நசுங்கியோ, அறுந்தோ, உப்புப் பிடித்தோ கிடக்கும். எந்த இடத்தில் என்பதைக் கோளாறே காட்டிக்கொடுக்கும். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறோம். உங்கள் காரில் தெரிவது எதுவோ நேரே அங்கே போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதியையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எந்த வயர் எங்கே போகிறது

அல்ரோ, வகன் ஆர், விற்ஸ், அக்வா என்று எதில் பூட்டினாலும் சாதாரணக் கமராவின் வயரிங் ஒன்றுதான். கமராவிலிருந்து சிவப்பும் கறுப்புமாக மின் வயர் வரும்; படத்துக்குத் தனி வயர் வரும். அந்தப் படவயர் மஞ்சள் ஆர்சிஏ வயரில் (டிவிக்குப் படம் கொடுக்கும் மஞ்சள் செருகி வயர்) சேர்ந்து முன்னால் போகும். மஞ்சள் வயரின் இரண்டு நுனியிலும் மெல்லிய சிவப்பு வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் விளக்கம் இல்லாததால் அதை வெட்டி எறிந்தவர்களும் உண்டு. செற்றுக்கு "இப்போது ரிவர்ஸ் போட்டாயிற்று" என்று அறிவிப்பது அந்த வால்தான்.

பின்னால்: கமராவின் சிவப்பு, மஞ்சள் வயரின் சிவப்பு வால் இரண்டும் ரிவர்ஸ் லைற்றின் பொசிற்றிவ் வயரில் சேர வேண்டும். கறுப்பு, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ற்றால் இறுக வேண்டும். முன்னால்: மஞ்சள் செருகி (பின்) செற்றின் கமரா உள்ளீட்டிலும், சிவப்பு வால் "பாக்" அல்லது "ரிவர்ஸ்" என்று எழுதிய வயரிலும் சேரும்.

பாதை: இடப்பக்கக் கதவுகளின் அடியிலுள்ள மிதிபலகை மூடியைக் கழற்றி, அதற்குள் ஏற்கெனவே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்து முன்னுக்குக் கொண்டுபோவதே நல்லது. கூரை ஓரத்தால் கொண்டுபோவது சுலபமாகத் தெரியும். ஆனால் பக்கத் திரை எயர்பாக் உள்ள கார்களில் அது மடிந்து கிடக்கும் இடம் அதுதான். தூண் மூடியில் எயர்பாக் அடையாளம் இருந்தால் அந்த வழியை மறந்துவிடுங்கள். மஞ்சள் நிறச் சொக்கற் எதையும் கழற்றவோ அதன் வயரில் மீற்றர் வைக்கவோ வேண்டாம். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் கையை எடுங்கள். முதல் தலைமுறை அக்வாவில் அது 144 வோல்ற் பற்றறியின் வயர், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ற். பின் இருக்கைப் பக்கத்தில் பற்றறிக்குக் காற்று இழுக்கும் துளையின் முன்னாலும் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்ரிமீற்றர், இரண்டு வயர் பிடித்த, 12 வோல்ற்றில் எரியும் 5 வோற் (5W) பல்ப் ஒன்று, இன்னொரு ஆறு மீற்றர் ஆர்சிஏ வயர், மூடி கிளப்பும் பிளாஸ்ரிக் நெம்பு, வயர் இழுக்கப் புல்வெட்டியில் போடும் தடித்த தங்கூசி. தங்கூசி கம்பியைப்போல உலோகத்தைச் சுரண்டாது, வளைந்தும் போகும்.

இருக்கைக்கு மேலால் ஒரு சோதனை

எந்த மூடியையும் கழற்ற முன் இதைச் செய்யுங்கள். ஹான்ட்பிறேக் போட்டு, முன் ரயருக்கும் பின் ரயருக்கும் கல் வையுங்கள். சாதாரணக் காரில் எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி ரிவர்ஸ் போடலாம். ஹைபிரிட்டில் ரெடி விளக்கு வந்தால்தான் ரிவர்ஸ் விழும். சத்தம் இல்லாவிட்டாலும் அப்போது கார் ஓடத் தயாராகத்தான் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிறேக்கில் கால் வைத்திருக்காமல் பின்னால் போய்க் குனியாதீர்கள்.

இனி அந்த இரண்டாவது ஆர்சிஏ வயரைக் கமராவிலிருந்து இருக்கைகளுக்கு மேலாலேயே செற் வரைக்கும் போடுங்கள். கமராவின் சிவப்பு கறுப்புக்குத் தனி 12 வோல்ற் பற்றறியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அலாரத்துக்கோ யூபிஎஸ்சுக்கோ போடும் சின்னப் பற்றறி போதும். செற்றின் ரிவர்ஸ் வயரை, ஒரு அம்பியர் பியூஸ் ஒன்றினூடாக, செற்றின் சிவப்பு ஏசிசி வயரில் (சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் வயர்) தொடுங்கள். படம் தெளிவாக வந்தால் கமராவும் செற்றும் சரி, குற்றம் காருக்குள் ஓடும் வயரில். வராவிட்டால்தான் கமராவையோ செற்றையோ சந்தேகப்பட வேண்டும். பத்து நிமிட வேலை. அரை நாள் மூடி கழற்றுவதை மிச்சம் பிடிக்கும்.

ரிவர்ஸ் போட்டாலும் செற் மாறவில்லை, பாட்டுத் திரையே நிற்கிறது

படவயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குற்றம் சிவப்பு வாலில்.

முதலில் பின்னால் போய் ரிவர்ஸ் லைற் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்ப், பியூஸ், கியர்ப்பெட்டியிலுள்ள ரிவர்ஸ் சுவிட்ச் என்று தேட வேண்டும்; கமரா வேலை அதற்குப் பிறகுதான். லைற் எரிந்தால் செற்றின் பின்னால் சிவப்பு வாலில் மீற்றரை வையுங்கள். ரிவர்ஸில் 12 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும், வேறு கியரில் பூச்சியம்.

பூச்சியமே நின்றால் பின் நுனி இணைக்கப்படவில்லை, அல்லது நடுவே அறுந்திருக்கிறது. கமராவின் சிவப்பை மட்டும் லைற்றில் கொடுத்துவிட்டு வாலைச் சும்மா விட்டிருப்பதுதான் அடிக்கடி காணும் பிழை.

12 வோல்ற் காட்டியும் செற் மாறவில்லையா? மீற்றரை அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் வயரும் மீற்றரில் 12 காட்டும். 5 வோற் பல்பை வாலுக்கும் பொடிக்கும் (காரின் இரும்பு உடல்) இடையே கொடுத்துப் பாருங்கள். பல்ப் நன்றாக எரிந்தால் வால் சரி. மங்கினால் எங்கோ இழை அறுந்து, ஒன்றிரண்டில் தொங்குகிறது. வால் சரியென்றால் செற் பக்கத்தில் வயர் மாறியிருக்கும். ரிவர்ஸ் வயரும் ஹான்ட்பிறேக் வயரும் பக்கத்துப் பக்கத்திலேயே தொங்கும். நிறத்தை நம்பாமல் வயரில் சுற்றியிருக்கும் எழுத்தை வாசியுங்கள்.

திரை மாறுகிறது, ஆனால் கறுப்பு. அல்லது "சிக்னல் இல்லை"

வால் வேலை செய்கிறது. இனிப் படத்துக்குரிய மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, செற்றின் பின்புறம். அன்ட்ரொயிட் செற்றுகளில் மஞ்சள் பின் இரண்டு மூன்று தொங்கும்: கமரா உள்ளீடு, வேறு வீடியோ உள்ளீடு, வீடியோ வெளியீடு. மூன்றும் ஒரே முகம். வெளியீட்டில் செருகினால் எத்தனை கமரா மாற்றினாலும் கறுப்புத்தான்.

இரண்டு, அமைப்பு. ஏஎச்டி (கூடிய தெளிவுள்ள பட வகை) கமராவைப் பழைய சிவிபிஎஸ் (சாதாரணப் பட வகை) அமைப்பிலுள்ள செற்றில் செருகினால் கறுப்பாகவோ, நிறமில்லாமல் உருண்டோடும் கோடுகளாகவோ வரும். செற்றின் அமைப்புப் பட்டியலில் கமரா வகையைக் கமராவின் லேபிளோடு பொருத்துங்கள். ஏஎச்டி என்றால் படக்கோடுகள் 720ஆ 1080ஆ, செக்கனுக்குப் படம் 25ஆ 30ஆ என்பதும் பொருந்த வேண்டும். ஜப்பானிலிருந்து காரோடு வந்த செற்றுக்கு என்டிஎஸ்சி (ஜப்பானின் பட முறை) கமராதான் எடுக்க வேண்டும். அந்தச் செற்றின் எப்.எம் நம் நாட்டு அலைவரிசை முழுவதையும் பிடிக்காது என்பதால் பலர் எப்படியும் மாற்றிவிடுகிறார்கள்.

மூன்று, கமராவுக்கு மின்சாரம். கமராவின் சிவப்பு கறுப்புச் சொக்கற்றைக் கழற்றி, காரிலிருந்து வரும் பக்கத்தில் அதே 5 வோற் பல்பைக் கொடுங்கள். எரியவில்லையென்றால் கறுப்பைப் பார்க்காமல் விடாதீர்கள். அடுத்த பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

படத்தில் சாய்ந்த கோடு ஓடுகிறது, எஞ்சினை ஏற்ற ஏற்றக் கோடும் வேகமாகிறது

இதைத்தான் கமராப் பழுது என்று அதிகம் தவறாக முடிவுகட்டுகிறார்கள். கோடு எஞ்சின் வேகத்தோடு மாறினால் அது அல்ரனேற்றரின் (எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) அலை, கறுப்பு வயர் வழியாகவோ மின் வழியாகவோ படத்துக்குள் ஏறுகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படவயரின் வெளிவலையும் நெகற்றிவ்தான். கமராவின் கறுப்பு சரியாகப் பொடியில் பிடிக்காவிட்டாலும் கமரா நிற்காது. மின்சாரம் படவயரின் வலை வழியாக ஆறு மீற்றர் முன்னுக்குப் போய், செற்றின் நெகற்றிவ்வால் வீடு திரும்பும். படம் வரும், கூடவே கோடும் வரும். சோதிக்க: எஞ்சின் ஓடும்போது, ரிவர்ஸில், கறுப்பைப் பொடியிலிருந்து கழற்றுங்கள். படத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தக் கறுப்பு அதுவரை வேலையே செய்யவில்லை.

உடனே இலக்கத்தகட்டு ஆணியைப் பாருங்கள். கறுப்பை அதில் மாட்டிவிடுவது வழக்கம். ஆணி பிளாஸ்ரிக் பிடிக்குள்தான் இறுகியிருக்கும், இரும்பில் தொடாது. பின்கதவின் கீல் வழியாக நெகற்றிவ் போகும் என்று நம்புவதும் சரிவராது. கிறீஸும் துருவும் நடுவே நிற்கும். ரிவர்ஸ் லைற்றின் சொந்த நெகற்றிவ் வயரில் சேர்த்தால் பிழை வராது. பொடியில்தான் போடுவதென்றால், லைற்றுக்குப் பக்கத்திலுள்ள தொழிற்சாலை எர்த் போல்ற்றைத் தேடி, கீழே பளபளக்கும்வரை சுரண்டி, வளையத் தகடு வைத்து இறுக்கி, மேலே பெயின்ற்றோ மெழுகோ பூசுங்கள். பூசாமல் விட்டால், யாழ்ப்பாணக் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வரும் காரில் உப்புக்காற்று அதைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். சரியா என்று அறிய, ரிவர்ஸ் எரியும்போது கமராவின் கறுப்புக்கும் பற்றறியின் நெகற்றிவ்வுக்கும் இடையே வோல்ற் பாருங்கள். 0.1க்குள் இருந்தால் போதும். 0.5 என்றால் இன்னும் துரு இருக்கிறது.

கறுப்பு சரியாகியும் கோடு போகாவிட்டால் தனிப் பற்றறியில் கமராவை ஓட்டிப் பாருங்கள். கோடு மறைந்தால் ரிவர்ஸ் லைற் வயரில் அலை இருக்கிறது: கமராவின் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே 25 வோல்ற், 2200 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று வையுங்கள், கோடு போட்ட பக்கம் நெகற்றிவ். 16 வோல்ற்றில் எடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது காரிலேயே 14க்கு மேல் வரும். கோடு அப்படியே நின்றால் படவயர் அம்பிளிபயரின் தடித்த பவர் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பிரித்து மற்றப் பக்கத்தால் விடுங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

பின்கதவைத் திறந்தால் படம் வருகிறது, மூடினால் போகிறது

அல்லது மறுவளம். கூரைக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள சுருக்குறப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டாம்.

உறுதிப்படுத்த, ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் கதவைப் பாதி திறந்து றப்பரைக் கையால் பிசையட்டும். படம் துடித்தால் அதுதான். அறுந்த இழையை அதே இடத்தில் முறுக்கி ஒட்டாதீர்கள். வளையும் இடத்தில் போடும் ஒட்டு நிற்காது. வயரைப் புதிதாக இழுத்து, ஒட்டுகளைக் கதவுக்குள்ளும் கூரைக்குள்ளும் தள்ளி வையுங்கள்.

இழுக்கும் விதம்: கதவை முழுதாகத் திறந்து றப்பரின் இரு வாயையும் உலோகத்திலிருந்து கழற்றுங்கள். வெயிலில் நின்ற கார் என்றால் றப்பர் இளகிக் கழரும். மார்கழிக் காலையில் இழுத்தால் கிழியும். தங்கூசியைக் கூரைப் பக்கத்தால் விட்டுக் கதவுப் பக்கத்தால் எடுங்கள். அதன் நுனியில் வயரைச் சாய்வாக வைத்து, பென்சில் முனைபோலக் கூராக ரேப் சுற்றுங்கள். தடித்த ஆர்சிஏ பின்னை முதலில் விடாமல், கமராப் பக்கத்துச் சின்னச் சொக்கற் முன்னால் போகட்டும். வழுக்கச் சவர்க்காரத் தண்ணீர் அல்லது சிலிக்கோன் ஸ்பிறே. கிறீஸ் வேண்டாம், றப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். வந்தபின், கதவு முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இன்னும் மூன்று நாலு சென்ரிமீற்றர் தளர்வு உள்ளே இருக்க வேண்டும். ரேப்பால் பழைய வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுவது றப்பருக்கு வெளியே மட்டும். உள்ளே கட்டினால் ஒவ்வொரு திறப்பிலும் ஒரே புள்ளி மடியும்.

றப்பருக்குள் இடமில்லை என்று கதவு விளிம்பால் வயரை வெளியே விட்டு மூடுவார்கள். முதல் மாரியிலேயே அந்த விளிம்பால் தண்ணீர் உள்ளே இறங்கும், வயரும் வெட்டுப்படும்.

ரிவர்ஸ் போட்டதும் பியூஸ் போகிறது

சிவப்பு எங்கோ பொடியில் தொடுகிறது. 10 அம்பியர் போன இடத்தில் 20 போடுவது காரை எரிக்கும் வேலை. பல கார்களில் அதே பியூஸில் வேறு சுற்றுகளும் இருக்கும். கமரா பூட்டிய பிறகு மீற்றர் விளக்கோ சிக்னலோ சேர்ந்து செத்தால் காரணம் இதுவாகலாம்.

சாவியை எடுத்துவிட்டு, கமராவைக் கழற்றி, செற் பக்கத்து வாலையும் கழற்றி, ரிவர்ஸ் பல்புகள் இரண்டையும் எடுத்துவிட்டு அளவுங்கள். பல்பை விட்டுவிட்டு ஓம் அளந்தால் குளிர்ந்த இழை ஒரு ஓமுக்குக் கிட்டக் காட்டும். தொடுகிறது என்று ஏமாந்துபோவீர்கள். எல்லாம் கழன்றபின் சிவப்பு வாலுக்கும் பொடிக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் பார்க்க வேண்டிய இடங்கள், இந்த ஒழுங்கில்: மிதிபலகை மூடியின் திருகாணி, பின் இருக்கையின் போல்ற், சீற்பெல்ற் சுருளும் பெட்டி, இலக்கத்தகட்டுத் துளையின் கூர் விளிம்பு. துளையில் றப்பர் வளையம் போடாமல் வயர் விட்டிருந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

திருத்திய பிறகு, ரிவர்ஸ் லைற்றில் எடுக்கும் இடத்திலிருந்து பத்து சென்ரிமீற்றருக்குள் ஒரு அம்பியர் பியூஸ் ஒன்றைச் சிவப்பில் சேருங்கள். வால் செற்றின் சமிக்ஞைக்கு மட்டும்தான், கமராவும் கொஞ்ச மின்சாரம்தான் இழுக்கும். அடுத்தமுறை தொட்டால் அந்தச் சின்னப் பியூஸ் மட்டும் போகும்.

கொஞ்ச மாதம் நன்றாக இருந்தது, மாரியில் விட்டுவிட்டு வருகிறது

ஒட்டுகள். நீலப் பிளாஸ்ரிக் கிளிப் போட்டு நசுக்கிய ஒட்டில் இரண்டு மூன்று இழைதான் பிடிக்கும், அதற்குள் ஈரம் போனால் செம்பு பச்சையாகும். முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டு வேறு விதமாகக் கெடும்: சித்திரை வெயிலில் ரேப்பின் பசை உருகி வழிந்து, ரேப் தானே அவிழ்ந்து நிற்கும். ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஆர்சிஏ இணைப்பு பம்பருக்கு வெளியே தொங்கினால் உள்ளே கொண்டுவாருங்கள். வயர் துளைக்குள் நுழைய முன் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இழைகள் பல் பட்டதுபோல் அறுந்திருந்தால் எலி. நெல்லோ தேங்காயோ வைக்கும் கொட்டிலில் நிற்கும் கார்களில் மூடியைத் திறந்ததும் புழுக்கையே சொல்லிவிடும். வயரை மாற்றி, நெளிவுக் குழாய் போட்டு விடுங்கள்.

படம் மங்கல்

கண்ணாடிக்கு உள்ளே நீர்த்துளி தெரிந்தால் கமராவை மாற்றத்தான் வேண்டும். வெளியே வெள்ளைப் படலம் என்றால் அது நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரால் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால் லென்ஸில் சுண்ணாம்பு படியும். பஞ்சில் கொஞ்சம் வினாகிரி தொட்டு மெதுவாக ஒற்றி, நல்ல தண்ணீரால் துடையுங்கள். செம்மண் புழுதியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும்.

இடம் வலம் மாறித் தெரிகிறது

பின்னாலுள்ள கடைப் பலகையின் எழுத்து மறுவளமாகத் தெரிந்தால் அது சரி. கண்ணாடியில் பார்ப்பதுபோல்தான் ரிவர்ஸ் கமரா காட்ட வேண்டும். ஒருவரைக் காரின் வலப்பக்க மூலைக்குப் பின்னால் நிறுத்துங்கள். திரையிலும் வலப்பக்கம் நின்றால் கை வைக்காதீர்கள். இடப்பக்கம் தெரிந்தால், முதலில் செற் அமைப்பில் மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கமரா வயரில் சின்ன வளையங்கள் இரண்டு தொங்கும்: ஒன்று படத்தைத் திருப்ப, மற்றது கோடுகளை எடுக்க. எது எது என்பது கமராவுக்குக் கமரா மாறும். லேபிள் இருந்தால் அதன்படி. இல்லையென்றால் ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். நுனி இரண்டையும் தனித்தனியே மூடுங்கள், பிறகு சேர்க்க நேரலாம்.

நின்ற கார் ஸ்ராட் எடுக்கவில்லை

ரிவர்ஸ் லைற்றில் எடுத்த கமரா நின்ற காரில் பற்றறியைக் குடிக்க வழியே இல்லை. யாரோ நிரந்தரப் பவரில் கொடுத்திருக்கிறார்கள். 100 மில்லிஅம்பியர் இழுக்கும் கமரா ஒரு நாளைக்கு 2.4 அம்பியர் மணி எடுக்கும். 35 அம்பியர் மணிப் பற்றறியை இரண்டு கிழமையில் வெறுமையாக்கும், ஸ்ராட் எடுக்கத் தயங்குவது அதற்கு முன்பே. சிவப்பை லைற்றுக்கு மாற்றுங்கள்.

வான் வைத்திருப்பவர்களுக்கு

ஹைஏஸ் போன்ற நீண்ட வானில் டாஷ்போட்டுக்குள் வளைந்து, கூரைக்கு ஏறி, பின்கதவுக்குள் இறங்க ஆறு மீற்றர் காணாது. இரண்டு வயரை நடுவில் பொருத்தினால் அந்தப் பொருத்துத்தான் அடுத்த கோளாறு. பத்து மீற்றர் ஒரே வயராக வாங்குங்கள். மிச்சத்தை வட்டமாகச் சுருட்டாமல் நீளவாக்கில் மடித்து, கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் பட்டியால் கட்டிவிடுங்கள்.